அக்காவின் நாற்பது விநாடி

முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘செகண்டு’. கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் தையல் கூடத்துக்குள் காலடி வைத்தால் போதும். “செகண்டு வருது, செகண்டு வருது” என்று முதல் மெஷினில் கிளம்பும் முணுமுணுப்பு, அவள் நாலடி நடப்பதற்குள் நாற்பதாவது மெஷினுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அது அவள் காதிலும் விழும். கோபம் வராது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று விட்டுவிடுவாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தத் தொழிற்சாலையில் சட்டை தைத்தார்கள். ஒரு சட்டை முழுசாக உருவாவதற்குள் முப்பது பேர் கை மாறும். காலர் தைப்பவள் காலர் மட்டுமே தைப்பாள், பை வைப்பவள் பை மட்டுமே வைப்பாள். ஒவ்வொரு கைக்கும் எத்தனை விநாடி பிடிக்கிறது என்று அளந்து, மணிக்கு இத்தனை உருப்படி வரவேண்டும் என்று கணக்குக் கட்டிக் கொடுப்பது செகண்டின் வேலை. அவள் கொடுக்கும் எண்ணை சூப்பர்வைசர் அட்டையில் எழுதி அந்தந்த மெஷினுக்கு மேலே தொங்கவிடுவார். பிறகு அதிலிருந்து ஒன்றைக் குறைக்கச் சொல்லி யார் அழுதாலும் நடக்காது.

பதினாலு வருடம் இதே வேலையில் ஊறியதில் அவளுக்கு வாட்சே தேவைப்படாமல் போயிருந்தது. வீட்டு அடுப்பில் டீத் தண்ணீர் கொதிக்க மூன்று நிமிடம் இருபது விநாடி. தெருமுனைச் சிவப்பு விளக்கு தொண்ணூறு விநாடி. கணவர் ஒரு பொய் சொல்லுமுன் தொண்டையைச் செருமிக்கொள்ள இரண்டு விநாடி. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பல் தேய்க்கும்போதுகூட உள்ளே எண்ணிக்கொண்டேதான் இருப்பாள். நிறுத்தச் சொன்னால் நிற்காது.

கணவர் நேர் எதிர். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். “இதோ அஞ்சு நிமிஷம்” என்று போனால் அவருடைய அஞ்சு நிமிஷத்தில் ஒரு சினிமாவே பார்த்துவிடலாம். “உங்க கைக்கடிகாரத்தை வித்துடுங்க, சும்மா பாரம்” என்று அவள் சொல்லுவாள். “நீ இருக்கும்போது எனக்கெதுக்குக் கடிகாரம்? பேட்டரியும் போட வேண்டாம், அடிக்கடி மணியும் அடிக்குது” என்பார் அவர். அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டே சிரிப்பாள். அந்த வீட்டில் மூன்று பேர்தான்: செகண்டு, கணவர், அக்கா.

தொழிலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. ஸ்டாப்வாட்ச் பக்கத்தில் வந்து நின்றால் எந்தத் தையல்காரியும் தன் உண்மையான வேகத்தைக் காட்டமாட்டாள். காட்டினால் அந்த வேகத்தையே நாள் முழுக்கக் கேட்பார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதனால் நடிப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நூல் அப்போதுதான் அறும். கத்தரிக்கோல் அப்போதுதான் காலடியில் விழும். ஒருத்தி துணியை எடுத்து, முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வரன் பார்ப்பதுபோல யோசித்துவிட்டுத்தான் ஊசியடியில் வைப்பாள்.

இதற்கு அளக்கிறவர்கள் பக்கத்திலும் ஒரு பதில் உண்டு. வாட்ச் காட்டிய விநாடிக்குப் பக்கத்தில், ‘இவள் தன் முழு வேகத்தில் எத்தனை பங்கு காட்டினாள்’ என்று ஒரு மதிப்பு போடுவார்கள். நூற்றுக்கு எண்பது என்று போட்டால், ஐம்பது விநாடி நாற்பதாகிவிடும். மிச்சம் பத்து விநாடி நடிப்புக்குப் போன கழிவு. அந்த மதிப்பைப் போட எந்தக் கருவியும் கிடையாது. அளப்பவரின் கண்தான். செகண்டின் கண் பொல்லாத கண். தோள் அசைவிலேயே கள்ளத்தைப் பிடிப்பாள். அவள் போட்ட கழிவை எதிர்த்து இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

அந்தக் கூடத்திலேயே நடிக்காதவள் ஒருத்திதான். அவள் செகண்டின் அக்கா. காலர் தைப்பவள் என்பதால் எல்லாருக்கும் அவள் காலரக்கா.

அக்கா பதினேழு வயதில் அந்த மெஷினில் உட்கார்ந்தாள். தங்கைக்கு அப்போது எட்டு வயது. அப்பா போய்விட்டார், அம்மா படுத்துவிட்டாள். காலர் தைத்துத் தைத்துத்தான் தங்கையை டிப்ளமா வரை படிக்கவைத்தாள். அவள் படிப்பு முடியட்டும் என்றாள். பிறகு அவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்றாள். அப்புறம் அவள் கல்யாணம் முடியட்டும் என்றாள். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது அக்காவைப் பெண் கேட்டு வருவது நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. தங்கை ஸ்டாப்வாட்சோடு முதல் முறை கூடத்துக்குள் வந்த அன்று, பக்கத்து மெஷின்காரியிடம், “பார்த்தியா, நம்மகிட்ட இருந்து ஒருத்தி எழுந்து நின்னுட்டா” என்றாள்.

காலர் ஒன்றுக்கு அக்காவுக்கு நாற்பது விநாடி. வாட்ச் இருந்தாலும் நாற்பது, இல்லாவிட்டாலும் நாற்பது. அவளுக்குக் கடிகாரம் பார்க்கும் வழக்கமே கிடையாது. முப்பது காலர் கொண்ட கட்டுகளாக வேலை வரும். அவள் பொழுதே கட்டுக் கணக்கில்தான் ஓடியது. “மேனேஜர் எப்பக்கா இந்தப் பக்கம் போனாரு?” என்று கேட்டால், “ரெண்டு கட்டுக்கு முன்னாடி” என்பாள். எட்டு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டாவது கட்டின் கடைசிக் காலரை வெட்டிப் போடும்போது சாப்பாட்டு மணி அடிக்கும். பல வருடம் அப்படித்தான் அடித்தது.

போன வருடத் தொடக்கத்தில் புது மாதிரிச் சட்டை ஒன்று வந்தது. மாதிரி மாறும்போதெல்லாம் மறுபடி அளக்க வேண்டும். அக்காவின் காலர் நாற்பத்திரண்டு விநாடி காட்டியது. துணி வழுக்குகிறது போல என்று செகண்டு தொண்ணூற்றைந்து மதிப்புப் போட்டாள். கணக்கு நாற்பதுக்கு வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அடுத்த மாதிரி. நாற்பத்தைந்து விநாடி.

அன்று மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “காலரக்காவும் கத்துக்கிட்டாங்க போலிருக்கே” என்றார் சிரித்தபடி. “மேடம், மத்தவங்களுக்குன்னா சுளையா இருபது கழிப்பீங்க. கூடப் பிறந்தவங்களுக்கு எவ்வளவுன்னு லைன்ல எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க.”

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. வேலை என்று வந்துவிட்டால் தனக்கு அக்காவும் இல்லை தங்கையும் இல்லை என்று காட்ட வேண்டும்போல இருந்தது. நூற்றுக்குப் பத்துக் கழித்தாள். மறுபடி நாற்பது.

அதற்கடுத்த மாதிரிக்கு நாற்பத்தொன்பது. இந்த முறை அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வீட்டில், அக்கா காயவைத்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டாள்.

“ஏன்க்கா, நீயுமா?”

“என்னடி நானுமா?”

“ஒம்பது செகண்ட் கூட எடுத்திருக்க. யாரு சொல்லிக்கொடுத்தா? அந்தக் கஃப் தைக்கிறவளா?”

அக்கா விளங்காமல் பார்த்தாள். “நான் எப்பவும் போலத்தானே தைக்கிறேன்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ‘எப்பவும் போலத்தான் மேடம்.’ பதினாலு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்.”

“நான் எல்லாருமா?”

“அங்க எல்லாரும் ஒண்ணுதான்.”

அக்கா கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினாள். அந்தத் துணியை மடிக்கவும் அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கோபத்தில் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று செகண்டு நினைத்தாள். மறுநாள் காலர் கணக்குக்கு எண்பது மதிப்பு போட்டுக் கொடுத்தாள். ஏறக்குறைய நாற்பதேதான் வந்தது. அட்டையில் மணிக்குத் தொண்ணூறு என்று இருந்தது அப்படியே தொங்கியது.

இதற்கு நடுவில் அக்கா ஒரு புதுக் கதையைக் கிளப்பினாள். சாப்பாட்டு மணியைச் சீக்கிரம் அடித்துவிடுகிறார்கள் என்றாள்.

முதலில் பக்கத்து மெஷின்காரியிடம்தான் சொன்னாள். பிறகு சூப்பர்வைசரிடம். “சார், முன்னெல்லாம் பன்னண்டு கட்டு முடிஞ்சப்புறம்தான் மணி அடிக்கும். இப்ப பத்து முடியறதுக்குள்ள அடிச்சுடறாங்க. அந்தக் கடிகாரம் வேகமா ஓடுது போல, கொஞ்சம் பாருங்க.” அக்கா விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை என்பதால் சூப்பர்வைசர் ஏணி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தை இறக்கிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். பேட்டரியைக்கூட மாற்றினார். கடிகாரம் அச்சாகச் சரியாக ஓடியது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று யாரோ பின் வரிசையிலிருந்து சொன்னார்கள். கூடமே சிரித்தது. செகண்டு அப்போது வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவமானத்தில் முகம் சிவந்தது. அக்கா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம் தீரவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது, “நாளே சுருங்கிப்போச்சுடி. உட்கார்ந்தா எழுந்திருக்கச் சொல்றாங்க” என்றாள். “அப்படியெல்லாம் சுருங்காதுக்கா. எல்லாருக்கும் ஒரே நாள்தான்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு செகண்டு முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தபோது அக்கா பாதித் தெருவில்தான் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்துசேர நாற்பத்தாறு விநாடி ஆனது. கால் விநாடி பிசகாமல் எண்ணினாளே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை அந்தப் புண்ணியவதிக்கு.

நாலாவது முறை அளந்தபோது ஐம்பத்து மூன்று விநாடி. காலையில் ஒன்பது கட்டுதான் முடிந்தது. அக்காவுக்கு அடுத்தபடி காலரைச் சட்டையில் வைத்துத் தைக்கும் பெண் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு கை தாமதித்தால் இருபது கை நிற்கும் வேலை அது. மேனேஜர் செகண்டைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார். “மெஷின்ல கோளாறா?” இல்லை. “அவங்களுக்கு வேலை தெரியாதா?” முப்பது வருடமாகத் தைக்கிறவள். அப்படியானால் காகிதத்தில் எழுத மிச்சமிருந்தது ஒன்றுதான். ‘திறமை இருந்தும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்’ என்று எழுதி, எழுபத்தைந்து மதிப்பு போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள். அக்காவுக்கு ஒரு அதட்டல் கிடைக்கும், நாலு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருப்பாள், அப்புறம் வழிக்கு வந்துவிடுவாள் என்றுதான் அவள் போட்ட கணக்கு.

அதட்டல் வரவில்லை. மூன்று வாரத்தில் அக்காவை வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

அன்று அக்கா தன் சின்னக் கத்தரிக்கோலையும் விரலுறையையும் பையில் போட்டுக்கொண்டு, கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். செகண்டு அலுவலக அறைக்குள்ளேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். அக்கா திட்டவில்லை. “நீ உன் வேலையைச் செஞ்ச. என்ன பண்ணுவ?” என்றாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

அதற்குப் பிறகு அக்கா வீட்டிலேயே இருந்தாள். அவளை ஊன்றிப் பார்த்தது கணவர்தான். கடிகாரம் இருந்தும் பார்க்காத அந்த மனிதர், ஆளைப் பார்த்தார். ஒருநாள் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா நடக்கும்போது வலது கையை ஆட்டறதே இல்ல, கவனிச்சியா? பலகை மாதிரி ஒட்டிக்கிட்டு வருது” என்றார்.

“வேலை போன துக்கம். சோர்ந்து கிடக்கா.”

“துக்கம் ஒரு கைக்கு மட்டுமா வரும்?”

அவரேதான் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். “எனக்கென்ன மாப்பிள்ளை, கல்லு மாதிரி இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அக்கா வந்தாள். செகண்டும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள்.

டாக்டர் சின்ன வயது. பொறுமைசாலி. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். அக்காவின் விரல்கள் நாலைந்து தட்டுக்குமேல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒன்றையொன்று தொடாமலேயே நின்றன. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதச் சொன்னார். முதல் வரியில் மொச்சைக்கொட்டைபோல இருந்த எழுத்து நாலாவது வரியில் கடுகாகிவிட்டது. பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

“இப்ப ஆரம்பிக்கறேன். ஒரு நிமிஷம் ஆச்சுன்னு உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப கையைத் தூக்குங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். செகண்டு எண்ணினாள். அறுபது வந்தது. அக்கா அசையவில்லை. எழுபது. எழுபத்தைந்து. தூக்கு, தூக்கு அக்கா, தூக்கிடு என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எண்பத்து நாலில் கை மெல்ல எழுந்தது.

“சரியா இருந்துச்சா டாக்டர்?” என்றாள் அக்கா.

டாக்டர் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நடுக்குவாதம். சிலருக்கு நடுக்கமே இல்லாமல் இப்படி மெதுவாக மட்டுமே வரும், அதனால்தான் வெளியே தெரிவதில்லை என்றார். “கையை ஆட்டுறதும் நேரத்தைக் கணக்குப் பண்றதும் மூளையில பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. ஒரு வீட்டுல கரண்ட் குறைஞ்சா அடுத்த வீட்டுலயும் விளக்கு மங்குது. அவங்க மெதுவாயிட்டது அவங்களுக்கே தெரியாது. அவங்களைப் பொறுத்தவரை எப்பவும் போலத்தான் இருக்கு.”



“எத்தனை நாளா இப்படின்னு யாராவது கவனிச்சீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா, மாத்திரையோட இன்னும் சில வருஷம் வேலைக்கே போயிருக்கலாம்.”

கவனித்தாயிற்றே. அவளைப்போல இந்த உலகத்தில் யார் கவனித்திருக்கிறார்கள்? மறுநாள் காலை ஆபீசில் பைலைத் திறந்து நாலு தாளையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்பது. ஐம்பத்து மூன்று. எந்த டாக்டருக்கும் முன்னால் நோய் அவள் கையெழுத்திலேயே படிப்படியாக எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் போட்ட கழிவு. கழித்த பிறகு ஒவ்வொரு தாளிலும் அதே நாற்பது. நாலு தடவையும் அக்காவின் முன்னால் போய் நின்றிருக்கிறாள், நாலு தடவையும் அளந்திருக்கிறாள். நாற்பது வரும்வரை கழித்திருக்கிறாள். அளந்தது பழைய அக்காவை. மெஷினில் உட்கார்ந்திருந்தவளை அவள் பார்க்கவே இல்லை. அக்கா ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள். எப்பவும் போலத்தான் தைக்கிறேன் என்றாள். மணி சீக்கிரம் அடிக்கிறது என்றாள். அதையும் சிரித்து அமுக்கினார்கள்.

தாள்களை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். தான் எழுதியது தவறு, திருத்த வேண்டும், மருந்து சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்யும் வேறு ஏதாவது வேலை அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். “வருத்தமாத்தான் இருக்கு மேடம்” என்றார். “ஆனா வேணும்னே மெதுவா செய்யறாங்கன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப இல்லைன்னு போடப்போறதும் நீங்க. எதை நம்பறது? அக்கான்னதும் கண்ணு மாறுதுன்னு சொல்ல மாட்டாங்களா?”

“அப்பதான் சார் மாறியிருந்துச்சு.”

“சரி, தப்புன்னே வெச்சுக்குவோம். அப்ப பதினாலு வருஷமா மத்தவங்களுக்கு நீங்க போட்ட கழிவெல்லாம்? நாளைக்கு ஒவ்வொருத்தியா வந்து எனக்கும் உடம்பு சரியில்லாமதான் இருந்துச்சுன்னு நின்னா என்ன பதில் சொல்வீங்க?”

அவள் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். அந்தக் கேள்வியும் அவளோடேயே எழுந்து வெளியே வந்துவிட்டது. பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். ஒவ்வொரு சட்டைக்கும் நடுவில் மணிக்கட்டைப் பிசைந்துகொள்வாள். என்ன நடிப்பு என்று மெச்சி, இருபது கழித்திருந்தாள் செகண்டு. அந்தப் பெண் இப்போது எங்கே என்று கூடத்தில் விசாரித்தாள். நின்றுபோய் ஏழெட்டு வருடம் ஆகிறது, யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் செகண்டு எதற்கு அவளை விசாரிக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று அவளால் இருந்துவிட முடியவில்லை. அன்றைக்கு ஒரு மெஷினையும் அளக்காமல் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

வேலையை விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. மாத்திரை வாங்க வேண்டும், வீட்டு வாடகை இருக்கிறது. மறுவாரம் மறுபடி வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். நூல் அறுகிறது, கத்தரிக்கோல் விழுகிறது, அவளுக்கு எது நிஜம் எது நடிப்பு என்று தெரியவில்லை. பொல்லாத கண் அவிந்துபோயிருந்தது. குத்துமதிப்பாக எதையோ எழுதிக் கொடுத்தாள். முன்பு எழுதியதும் குத்துமதிப்புதானோ என்னவோ.

அக்காவுக்கு மாத்திரை கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம் பிடிக்கவில்லை. நோயின் பெயரைச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டாள். ஆனால் தான் மெதுவாகிவிட்டதை மட்டும் அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள மறுக்கிறாள் என்பதுகூடச் சரியில்லை. அவளுக்கு அது தெரியவே இல்லை. குளியலறைக்குள் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்து, “என்னது, அதுக்குள்ள வெயில் இவ்வளவு ஏறிடுச்சு?” என்பாள். மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் யாரோ அவளுடைய பொழுதைக் களவாடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்த மூன்று கடிகாரங்களில் இரண்டைக் கணவர் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுவாள் என்று செகண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் விரல்நுனியில் துணியை ஓடவிட்டவள், பொத்தானைப் பிடித்து, துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அங்கேயே நின்று, தவறவிட்டு, மறுபடி பிடித்தாள். செகண்டு ஜன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எண்ணக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே எண் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு அக்கா நிமிர்ந்தாள். “எவ்வளவு நேரமாச்சுடி? உண்மையைச் சொல்லு.”

ஐந்து பொத்தான். நாலு நிமிடம் பதினொரு விநாடி.

“ஒரு நிமிஷம்க்கா” என்றாள் செகண்டு.

அக்காவின் முகத்தில் இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. அதற்கும் நோய்தான் காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணில் மட்டும் அந்தச் சந்தோஷம் தெரிந்தது.

“பார்த்தியா? நான்தான் அப்பவே சொன்னேனே. நீ அளந்து சொன்னா அது சரியாத்தான் இருக்கும்.” கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “அப்ப மேனேஜர்கிட்ட சொல்லி என்னைத் திரும்ப உட்கார வைக்கச் சொல்லேன். ஆனா ஒண்ணு. நீ தப்பா அளந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம் உன் வேலைக்கு ஆபத்து. அக்கா நடிச்சான்னே சொல்லு. கேட்டா நானும் ஆமான்னுடறேன்.”

“அக்கா, வேண்டாம்க்கா...”

“இதுல என்ன இருக்கு? நடிச்சது தப்பு, இனிமே நடிக்க மாட்டேன்னு என் கையாலயே எழுதிக் கொடுத்துடறேன். ஒரு பேப்பர் எடு.”

காகிதத்துக்காக அக்கா கையை நீட்டினாள். அந்தக் கை பாதி தூரம் வருவதற்குள் செகண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.